ஐந்தரை மணி நேரம்

ஜெபசீலன் பெயர்களைக் கண்டுபிடிப்பது ஒரு மர ஸ்கேலை வைத்துத்தான். மேஜைமேல் இரண்டு தாள்கள் இருக்கும். இடப்பக்கத் தாள் ஃபயர்வால் பெட்டியிலிருந்து எடுத்தது. கல்லூரி வலையிலிருந்து எந்த நேரத்தில் தடை செய்த எதை யார் தொட்டார்கள் என்று அந்தப் பெட்டி எழுதி வைத்துக்கொண்டே போகும். ஆனால் ஆளின் பெயர் அதற்குத் தெரியாது, ஓர் எண்தான் தெரியும். வலப்பக்கத் தாள் பழைய சர்வரிலிருந்து எடுத்தது. எந்த எண் எந்த நேரத்தில் யாருடைய லேப்டாப்பிடம் இருந்தது என்பது அதில் இருக்கும். கல்லூரியில் மூவாயிரம் பிள்ளைகள். எண்கள் அவ்வளவு இல்லை. ஒருவர் மூடி வைத்துவிட்டுப் போனால் அதே எண் இன்னொருவரிடம் போய்விடும். ஆகவே நேரம்தான் எல்லாம். நேரத்துக்கு அடியில் ஸ்கேலை வைத்து, இரண்டு தாளிலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் பெயர் வந்துவிடும்.

இதைக் கணினியையே செய்யச் சொல்லலாமே என்று பலர் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் பெயரை முதல்வரிடம் கொடுப்பது சின்ன விஷயமா, கண்ணால் பார்த்துக் கையால் கோடு போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பார்.

கல்லூரி மாடம்பாக்கம் தாண்டி உள்ளே இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரி. இரும்புலியூரில் வீடு, அங்கிருந்து பைக்கில் பதினெட்டு வருடமாக வந்து போகிறார். டிப்ளமா முடித்துவிட்டு லேப் உதவியாளராகச் சேர்ந்தபோது கல்லூரி முழுவதற்கும் ஒரே ஒரு மெலிந்த இணைய இணைப்பு. ஒரு பாட்டு இறங்க ஒரு பீரியட் ஆகும். அப்போதுதான் மூன்றாவது லேபில் மேஜைக்கு அடியில், தள்ளிவிட்ட ஒரு கணினியை வைத்து ஹப் ஒன்றை ஓட்டினார். ஒருவர் கோப்பை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் மென்பொருள். வெளி இணையமே வேண்டாம். கல்லூரிக் கம்பிகளுக்குள்ளேயே படம், பாட்டு, நோட்ஸ் எல்லாம் ஓடும்.

அதில் நுழைய அவர் ஒரு விதி வைத்திருந்தார். பகிரும் ஃபோல்டரில் போன வருடத்துக் கேள்வித்தாள் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாதவர்களை ஹப் வெளியே தள்ளிவிடும். நான்கே வருடத்தில் அந்த ஊரில் வேறெங்கும் இல்லாத கேள்வித்தாள் குவியல் அங்கே சேர்ந்தது. பிள்ளைகள் அவரை ஹப் அண்ணா என்று கூப்பிட்டார்கள். வேலைக்குப் போன முதல் இரண்டு செட்டுகளிலிருந்து கல்யாணப் பத்திரிகைகள்கூட வந்தன. உறையின்மேல் அப்படியே எழுதியிருந்தார்கள்: ஹப் அண்ணா, லேப் மூன்று.

பிறகு நிர்வாகம் கை மாறியது. புதிதாக வந்தவர்கள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். ஜெபசீலன் தானே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். அடுத்த மாதம் அவரை சிஸ்டம் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அடைப்பது அவர் வேலை. டோரண்ட் அடை, படத்தை அடை, விளையாட்டை அடை. பிள்ளைகள் இப்போது முகத்துக்கு நேராக சார் என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் பிளாக்கு. அவருக்கு இரண்டும் கேட்கும்.

இந்த வருடம் மே விடுமுறையில் புதிய ஃபயர்வால் பெட்டி வந்தது. விற்ற கம்பெனியின் ஆள் காலையில் வந்து மாலையில் முடித்துவிட்டான். இருபத்திரண்டு வரி உள்ள ஒரு தாளை நீட்டினான். ஒவ்வொன்றையும் சரிபார்த்ததாக டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கரண்ட் போய் ஏசி நின்றிருந்தது. ஜெபசீலன் வியர்த்துக்கொண்டே மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டு போனார். பதினேழாவது வரி: நேரம்.

செப்டம்பர் நடுவில் முதல்வர் வேதசிரோமணி அவரை அறைக்கு அழைத்து ஒரு கடிதத்தைத் தள்ளினார். இணைப்பு தரும் கம்பெனி எழுதியது. பதினோராம் தேதி உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு புதுப் படம் டோரண்டில் பகிரப்பட்டிருக்கிறது, படக் கம்பெனி புகார் செய்திருக்கிறது, இன்னொரு முறை நடந்தால் இணைப்பைத் துண்டிப்போம் என்றிருந்தது.

"நீங்கதான் எல்லாத்தையும் அடைச்சாச்சுன்னு சொன்னீங்க."

"அடைச்சுதான் சார் இருக்கு. எங்கயோ ஓட்டை போட்டிருக்காங்க."

"ஓட்டை எல்லாம் எனக்கு வேணாம் ஜெபசீலன். பேர் வேணும். ரெண்டு நாள்ல."

இரண்டு நாள் தேவைப்படவில்லை. பதினோராம் தேதித் தாளில் அப்படி ஒரே ஒரு வரிதான் இருந்தது. நேரம் 14:10. ஸ்கேலை வைத்தார். வலப்பக்கத்தில் பிற்பகல் இரண்டு பத்துக்கு அந்த எண் வைத்திருந்தவர் பெயர் ஏஞ்சல், எலெக்ட்ரானிக்ஸ், கடைசி வருடம். இன்னொரு முறை ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அதே பெயர்தான்.

ஏஞ்சல் ஒல்லியான பெண். குரோம்பேட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவள். ஒரு கம்பெனியின் எழுத்துத் தேர்வில் தேறி, வரும் வியாழக்கிழமை நேர்முகத்துக்குக் காத்திருந்தாள். முதல்வர் அறையில் பையைக் கழற்றாமலே நின்றாள்.

"பதினோராம் தேதி ரெண்டு பத்துக்கு எங்க இருந்த?"

"லைப்ரரில சார்."

"லேப்டாப்?"

"ஆன்லதான் இருந்துச்சு. ரெசுயூம் சரி பண்ணிட்டு இருந்தேன்."

"வைஃபை?"

"ஆமா சார். கனெக்ட் பண்ணியிருந்தேன்."

முதல்வர் ஜெபசீலனைப் பார்த்தார். பொய் சொல்கிற பெண்ணாக இருந்தால் அங்கே இல்லை என்று சொல்லியிருப்பாள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லை என்றாள்.

"சத்தியமா நான் பண்ணல சார். என் சிஸ்டத்துல டோரண்டே கிடையாது."

"அழிச்சிருக்கலாம்."

அவள் ஜெபசீலன் பக்கம் திரும்பினாள். "சார், மிஷின் தப்பா காட்டுமா சார்?"

"மிஷினுக்கு உன்னைத் தெரியாதும்மா," என்றார் ஜெபசீலன். "அதுக்குப் பொய் சொல்லணும்னு என்ன இருக்கு?"

நிதானமாகத்தான் சொன்னார். நல்லபடியாகச் சொன்னோம் என்றுகூட அப்போது நினைத்தார்.

அவள் அப்பா பொன்னுசாமியை வரச் சொன்னார்கள். குரோம்பேட்டை ஸ்டேஷனை ஒட்டி ஒரு பைக் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறவர். காக்கிச் சட்டையோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், என் ஸ்டாண்டுல நானூறு வண்டி நிக்குது. பதினாலு வருசத்துல ஒரு வண்டி மாறிப் போனதில்ல. டோக்கன் இல்லாம எவன் வந்தாலும், கட்சிக்காரனே வந்தாலும், வண்டிய வுட மாட்டேன். எங்க வூட்டுப் பொண்ணு அடுத்தவங்க பொருள எடுக்காது சார்."

"எடுத்ததுன்னு சொல்லலைங்க," என்றார் ஜெபசீலன். "மத்தவங்களுக்குக் குடுத்திருக்குன்னு சொல்றோம்."

"குடுக்கறது தப்பா சார்?"

ஜெபசீலன் மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கடிதத்துக்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்த மாதிரி ஒன்று இருந்தது. பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்ப வேண்டும். என் தவறை உணர்ந்து என்று அது தொடங்கும். பொன்னுசாமி மகளிடம், "போட்டுடும்மா, படிப்ப முடிச்சிக்கினு போயிடலாம்," என்றார். அவள் போட்டாள். இந்த வருடம் கல்லூரி வளாகத்து நேர்முகம் எதிலும் உட்காரக் கூடாது என்பது தண்டனை. வியாழக்கிழமை வந்தது, போனது.

அக்டோபரில் ஒரு நாள் காலை. ஜெபசீலன் எட்டே முக்காலுக்கு வந்து ஃபயர்வால் பெட்டிக்குள் நுழைந்தார். நூலகத்துக்கு ஒரு தளத்தைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த வேலையில் அதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் திறக்க நேர்ந்தது. பெட்டிக்குள் யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியல். கடைசி வரியில் அவர் பெயர் இருந்தது. நேரம் 03:15.

அதிகாலை மூன்றே காலுக்கு அவர் இரும்புலியூரில் படுத்திருந்தார். யாரோ என் பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு.

வெளியே வராந்தாவில் எலெக்ட்ரீஷியன் ஜெயவேலு ஏணிமேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தான். சர்வர் அறைச் சாவியின் இன்னொரு பிரதி அவனிடம் இருந்தது.

"ஜெயவேலு, விடிகாலைல சர்வர் ரூமைத் திறந்தியா?"

"விடிகாலைலயா? என் பொண்டாட்டியே என்னை எழுப்ப முடியாம பேஜாராகி வுட்டுட்டா. இன்னா மேட்டர்ணா?"

"மூணே காலுக்கு யாரோ என் பேர்ல உள்ள போயிருக்கான்."

"பேயா இருக்கும்ணா. படம் பாக்க வந்திருக்கும். உன் பிளாக்குல மாட்டிக்கினு வெளிய போக வழி தெரியாம சுத்திகினு கீது."

"வெளையாடாத. நான் அந்த நேரத்துல இங்க இல்லவே இல்ல."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தது. ஜூலையிலிருந்து எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பவும் அறைக்குள் போய்ப் பட்டியலில் மேல்வரிகளைப் பார்த்தார். நேற்று 03:20. முந்தாநாள் 03:12. அதற்கு முன்னால் 03:18. ஒரு திருடன் தினமும் காலையில், ஞாயிறு தவிர, அவரைப் போலவே ஒழுங்காக வந்துகொண்டிருந்தான்.

சுவர்க்கடிகாரம் ஒன்பதைக் காட்டியது. பெட்டியின் மூலையில் இருந்த சின்ன எழுத்தில் மூன்றரை. விரல் விட்டு எண்ணினார். ஐந்தரை மணி நேரம். பெட்டி இந்திய நேரத்திலேயே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கிரீன்விச் நேரத்திலேயே மே மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய சர்வரோ நம் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேல் பிடித்திருக்கிறார். தாளில் அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் வரி வரியாக இருப்பதைப் பார்த்தபோது, விடுதிப் பையன்கள் தூங்குவதே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தது ஞாபகம் வந்தது.

கோப்பை எடுத்தார். பதினோராம் தேதி, 14:10. ஐந்தரையைக் கூட்டினால் இரவு ஏழு நாற்பது. ஏழு நாற்பதுக்கு ஏஞ்சல் குரோம்பேட்டையில் தன் வீட்டில் இருந்திருப்பாள். ஸ்கேலைக் கீழே நகர்த்தினார். ஏழு நாற்பதுக்கு அதே எண் அனிருத் என்ற இரண்டாம் வருடப் பையனிடம் இருந்தது. விடுதி, பி பிளாக்.

ஜூலையிலிருந்து அவர் கொடுத்த பெயர்கள் ஏழு. ஏழையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தார். ஏழும் வேறு ஆட்கள். ஒரு தடவையாவது ஸ்கேலுக்கு அடியில் பெயரே இல்லாமல் போயிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மூவாயிரம் பேர் இருக்கிற இடத்தில் எந்த நேரத்தில் வைத்தாலும் யாரோ ஒருவர் பெயர் வரத்தான் செய்யும்.

மற்ற ஆறு பேருக்கும் ஒரு மாதம் வைஃபை இல்லை, அவ்வளவுதான். ஏஞ்சலுக்கு மட்டும் அப்படி இல்லை.

முதல்வர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அதனால் ஜெபசீலனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"இப்ப அந்தப் பெட்டில நேரத்தை மாத்திட்டீங்களா?"

"இல்ல சார். உங்ககிட்ட சொல்லிட்டு மாத்தலாம்னு."

"நல்ல வேளை. மாத்தாதீங்க."

"சார்?"

"அடுத்த மாசம் அங்கீகாரத்துக்குக் கமிட்டி வருது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைக் கேப்பாங்க. கோப்புல ரெண்டு பத்துன்னு இருக்கு. அந்தப் பொண்ணும் ரெண்டு பத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. இணைப்புக் கம்பெனிக்கும் அப்படித்தான் பதில் அனுப்பியிருக்கோம். நீங்க நேரத்தை மாத்தினா பெட்டி ஏழு நாப்பதுன்னு காட்டும். எதை எடுத்து வைக்கிறது?"

"அந்தப் பொண்ணு பண்ணல சார்."

"ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கே."

"நாம எழுத வச்சோம்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஜெபசீலன் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு முறை தானாகவே போன் போட்டுப் பேசியவர்.

"நேர்முகம் முடிஞ்சு போச்சு. அந்தக் கம்பெனி லிஸ்டைக் குடுத்துட்டுப் போயிட்டான். இப்ப நீங்க என்ன சொன்னாலும் அந்த வேலை அவளுக்குத் திரும்பி வரப் போறதில்ல. அந்தப் பையன் பேரைக் கொண்டு வந்தீங்கன்னா அவன் மேலயும் நடவடிக்கை எடுக்கணும். எழுத்துல குடுத்தீங்கன்னா உங்க மேலயும் எடுக்கணும். ஜூன்ல உங்க கான்ட்ராக்ட் என் கையெழுத்துக்குத்தான் வரும். யோசிங்க."

ஜெபசீலன் யோசித்தார். மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் மாலை வீட்டுக்குத் திரும்பாமல் வண்டியை ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டைக்கு விட்டார்.

ஸ்டாண்டில் பொன்னுசாமி வண்டிகளை இடுப்பால் நெம்பி நெம்பி வரிசைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். யார் வந்திருப்பது என்று பார்க்காமலே டோக்கனைக் கிழித்து, ஒரு பாதியை வண்டியின் ஹேண்டிலில் செருகி, மறுபாதியை நீட்டினார். நீட்டிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"சார்! நீங்களா? இன்னா சார் இவ்ளோ தூரம்? மறுபடி எதுனா பண்ணிட்டாளா?"

"இல்லைங்க. அவ எப்பவுமே எதுவும் பண்ணல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நின்றுகொண்டே சொன்னார். பெட்டி, நேரம், ஐந்தரை மணி நேரம், ஸ்கேல். நடுவில் இரண்டு மின்சார ரயில்கள் வந்து போயின. ஒவ்வொரு ரயிலுக்கும் கூட்டம் வந்து டோக்கன் கொடுத்து வண்டி எடுத்துப் போனது. பொன்னுசாமி ஒவ்வொருவருக்கும் எண்ணைச் சரிபார்த்து வண்டி கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்டுக்கொண்டார்.

"அப்போ உங்க கடியாரம் தப்பு."

"ஆமாங்க. நான் பாக்காம விட்டுட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் ஜெபசீலன் வந்திருந்தார். சட்டையைப் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்றிருந்தார். பொன்னுசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அவளுக்கே டவுட்டு வந்திடுச்சு சார். நம்மளுக்குத் தெரியாம உள்ளே எதுனா ஓடியிருக்குமோ, நாமதான் பண்ணிட்டோமோன்னு. அந்த சார் பொய் சொல்ல மாட்டாருப்பா, மிஷினும் பொய் சொல்லாதுன்றா. லேப்டாப்ப கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சிட்டா. காலேஜி ப்ராஜெக்டு அதுலதான் இருந்துச்சாம். அதுவும் பூடுச்சு. இப்போ செல்லுல கூட நெட்டு போடறதில்ல. அவ அம்மா செல்வமேரி கேட்டதுக்கு, எதுக்கும்மா வம்புன்னு சொல்லிட்டு ஒக்காந்துகினு கீது."

ஜெபசீலன் பக்கத்து வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வந்து அவகிட்ட சொல்றேங்க."

"நீ சொன்னா நம்ப மாட்டா சார். வாயால சொல்றது இன்னா ஆவும்? எழுதிக் குடு. தப்பு எங்களுதுன்னு. ஒரு வரி போதும். நான் அத அவகிட்ட காட்டறேன். நாளைக்கு வெளியில எங்கனா வேலைக்குப் போனா அவங்ககிட்டயும் காட்டிக்கலாம்."

"குடுக்கறேன்."

"எப்போ?"

"எழுதித் தர்றேங்க."

"இப்பவே குடு சார்." பொன்னுசாமி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். "பேப்பர் இல்லன்னா இன்னா, டோக்கன் கீதே, அதும் பின்னால எழுது. மொத்தமா நாலு வார்த்த."

ஜெபசீலன் டோக்கனைத் திருப்பி வண்டிச் சீட்டின்மேல் வைத்தார். செப்டம்பர் 11 அன்று என்று எழுதினார். அடுத்த சொல் நான் என்று வர வேண்டும். பேனா அங்கே நின்றது. ஜூன் மாதம் வந்தது, முதல்வர் கண்ணாடி துடைப்பது வந்தது, மகளின் பள்ளிச் சீருடை வந்தது. பிளக்கைப் பிடுங்கிய அன்று குனிந்தபோது தெரிந்த மேஜைக் கால் வந்தது. மூன்றாவது ரயில் வந்து நின்றது.

"லெட்டர் பேடுல எழுதினாத்தாங்க மதிப்பு," என்றார். "சீல் போட்டு எடுத்துட்டு வர்றேன்."

பொன்னுசாமி அவரைப் பார்த்தார். வெகுநேரம் இல்லை, பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"சரி சார். வண்டி எடுக்கறீங்களா?"

"ஆமா."

"டோக்கன் குடுங்க."

ஜெபசீலன் கொடுத்தார். பொன்னுசாமி முன்பக்கத்து எண்ணை மட்டும் ஹேண்டிலில் இருந்த பாதியோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. சுவரில் தொங்கிய கம்பியில் மற்ற டோக்கன்களின்மேல் அதையும் குத்திவிட்டு, அடுத்த ஆளிடம் கையை நீட்டினார்.

கமிட்டி நவம்பரில் வந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைப் புரட்டி, தாள்களில் சிவப்புக் கோடுகள் நேராக இருப்பதைப் பாராட்டியது. கமிட்டி போன பிறகும் நேரத்தை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஜெபசீலனும் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள்.

லெட்டர் பேடில் எழுதிய கடிதம் அவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான்கு முறை எழுதியாகிவிட்டது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாக வந்திருக்கிறது. எதிலும் கையெழுத்து இல்லை. குரோம்பேட்டைப் பக்கம் போக வேண்டி வந்தால் பல்லாவரம் சுற்றிக்கொண்டு போகிறார்.

காலையில் வந்ததும் பெட்டி 03:15 என்கிறது. ஐந்தரையைக் கூட்டிக்கொள்கிறார். புதுப் புகார் வந்தால் கூட்டித்தான் ஸ்கேல் வைக்கிறார். இப்போது பெயர்கள் சரியாகவே வருகின்றன. கொடுக்கிறார்.

நூலகப் படியில் சில நாள் ஏஞ்சல் எதிரே வருகிறாள். கையில் லேப்டாப் பை இல்லை; கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. ஒதுங்கி நின்று, "குட்மார்னிங் சார்," என்கிறாள். பொன்னுசாமி அவளிடம் எதையும் சொல்லவில்லை என்பது அவள் அதைச் சொல்கிற விதத்திலேயே தெரிகிறது. கையில் காகிதம் இல்லாமல் சொல்ல வேண்டாம் என்று அவர் காத்திருக்கிறார்.

"குட்மார்னிங்மா," என்று சொல்லிவிட்டு ஜெபசீலன் படியேறிப் போகிறார்.